கொடையும் பறிப்பும்: யப்பானிய ஆட்சியில் மலாயாத் தமிழ்ப் பெண்கள்

1942 முதல் 1945 வரை யப்பானிய ஆட்சிக்குட்பட்டிருந்த மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் மகளிர் பிரிவு இயங்கியது. 1943இல் சுபாஸ் சந்திரபோஸின் அழைப்பினை ஏற்று, வசதிபடைத்த பெண்கள் பலர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் செய்துவந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில், ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 ஒக்டோபர் 22இல் அங்கு தொடங்கியது. இறப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்தனர். கொடுக்கப் பொருளற்ற அவர்கள் தம்மையே கொடுத்தனர்.

அதே ஒக்டோபரில், ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மா ரயில்பாதை முற்றுப்பெற்றது. தோட்டங்களிலிருந்து அங்கு கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். பெண்களின் கொடைக்கு இடமளித்த ஆட்சியே அத்தொழிலாளரின் உயிரைப் பறித்தது. கொடுத்தோர் பட்டியலோடு பறிகொடுத்தோர் வர்க்கத்தையும் இணைத்து நோக்கும்போதே இவ்வமைப்பின் வரலாறு நமக்கு முழுமையாகத் தெளிவாகின்றது.