இடித்த சுவருக்கு யார் பொறுப்பு?

திருவனந்தபுரத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் காண்டிராக்டரிடம் பெரும்பாலும் கேட்பது, “லோடுக்கு எவ்வளவு?” என்பதுதான். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. ராத்திரி டிப்பர் புறப்படும். விடிந்தால் வயலோரத்திலோ வாய்க்கால் கரையிலோ உடைந்த செங்கல்லும் டைல்ஸும் சிமென்ட் சாக்குகளும் கிடக்கும்.

இந்தக் குப்பையில் பெரும்பகுதி மக்காது, மிதக்காது. அடியில் தங்கி வாய்க்காலை மேடாக்கும். திருவனந்தபுரத்தின் தம்பானூர் பகுதி மழைதோறும் மூழ்கியதால் 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற நடவடிக்கை மூலம் அடைபட்ட, ஆக்கிரமிக்கப்பட்ட வடிகால்களைத் திறக்க வேண்டியிருந்தது. கொச்சி அருகே மரடில் 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிகள் தகர்க்கப்பட்டபோது சுமார் 76,000 டன் இடிபாடு சேர்ந்தது. நாடே பார்த்ததால் கம்பியைப் பிரித்தார்கள், கான்கிரீட்டை நொறுக்கினார்கள். தனி வீட்டின் இடிபாட்டுக்கு அந்தக் கண்காணிப்பு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டட இடிபாடு மேலாண்மை விதிகள், 2016 குப்பையை உண்டாக்குபவரையே பொறுப்பாளி ஆக்கின. தரம் பிரிப்பது, சாலையிலோ வடிகாலிலோ கொட்டாமல் வளாகத்துக்குள் வைப்பது, கட்டணம் செலுத்துவது எல்லாம் அவர் கடமை என்றன. நாளுக்கு 20 டன் அல்லது மாதத்துக்கு 300 டன் தாண்டினால், கான்கிரீட், மண், கம்பி–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–காரை என நான்காகப் பிரிக்க வேண்டும் என்றும் கூறின. இவற்றுக்குப் பதிலாக வந்த 2025 விதிகளின் அமலாக்கத் தேதி 2026 ஏப்ரல் 1. புதிய விதிகளில் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மறுசுழற்சி இலக்கும் உண்டு.

கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலைச் சட்டவிரோதமாக நிரப்பினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

என்ன செய்யலாம்?

கொட்டும் இடத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஓடு, கதவு, நிலை, கம்பியை முதலில் கழற்றி விற்றுவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், நனைத்து முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அதன் நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும்.

யாரோ கொட்டுவதைப் பார்த்தால் வண்டி எண், இடம், நேரத்துடன் படமெடுத்து மாநில அரசின் 94467 00800 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். வயல் என்றால் வில்லேஜ் ஆபீஸிலும் வேளாண் அலுவலகமான கிருஷி பவனிலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நேரடியாகவே அணுகலாம். பொதுவாக ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். இழப்பீடு கோர ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு.

லோடுக்குப் பணம் கொடுத்ததோடு பொறுப்பு தீராது. டிப்பர் வருவதற்கு முன்பே, போகும் இடத்தைக் கேளுங்கள்.