ஃபிரிட்ஜில் எதை வைப்பது, எதை வெளியே வைப்பது?

உணவைக் கெடுப்பவை பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை ஆகிய நுண்ணுயிரிகள். அவை பெருகுவதற்குச் சத்து, ஈரம், இதமான வெப்பம், நேரம் ஆகிய நான்கும் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இவற்றில் வெப்பத்தை மட்டுமே குறைக்கிறது. மற்ற மூன்றும் உணவின் தன்மையையும் வீட்டாரின் பழக்கத்தையும் பொறுத்தவை. பல வீடுகளில் குளிர் தேவைப்படாத தக்காளியும் வாழைப்பழமும் உள்ளே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மதியம் வடித்த சோறும் சாம்பாரும் இரவு வரை அடுப்பு மேடையிலேயே கிடக்கின்றன. முதல் பழக்கத்தால் ருசி மட்டுமே கெடும். இரண்டாவது பழக்கம் உடலைக் கெடுக்கும்.

ஆபத்தான வெப்பநிலை

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையை ஆபத்தான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இந்த எல்லைக்குள், சூழல் சாதகமாக இருந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் ஒரே ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அதனால்தான் சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்ற விதி உள்ளது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் இடங்களில் அந்த அவகாசம் 1 மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தொடும் சென்னைக்கும் வேலூருக்கும் இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும்.

ஃபிரிட்ஜின் உட்பகுதி 4 டிகிரி அல்லது அதற்குக் கீழும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் பெருக்கத்தை மந்தமாக்குகிறது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளுக்கு அது கருச்சிதைவை உண்டாக்கலாம் என்பதால், அவர்கள் பல நாள் பழைய உணவைத் தவிர்ப்பது நல்லது.

ஈரமும் புளிப்பும்

ஒரு பொருளுக்குக் குளிர் தேவையா என்பதை முதலில் அதன் ஈரத்தை வைத்து முடிவு செய்யலாம். அரிசி, பருப்பு, அப்பளம், வடகம், இட்லிப்பொடி ஆகியவற்றில் கிருமி வளரப் போதிய ஈரம் கிடையாது. மூடிய டப்பாவில் அவை மாதக்கணக்கில் இருக்கும். தேனிலும் வெல்லத்திலும் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் சர்க்கரை தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊறுகாயில் அதே வேலையை உப்பு செய்கிறது.

அடுத்தது புளிப்பு. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இறங்கினால் நோய்க்கிருமிகள் பலவும் வளரத் திணறும். புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் கெடாததற்குப் புளி, உப்பு, எண்ணெய் மூன்றும் காரணம். அதைச் சோற்றில் கிளறிவிட்டால் கணக்கு மாறிவிடும். சோற்றின் ஈரமும் மாவுச்சத்தும் சேர்வதால் புளியோதரையை அன்றைக்கே தீர்ப்பது நல்லது.

ஆக, ஈரமாகவும் புளிப்பில்லாமலும் மாவுச்சத்தோ புரதமோ நிறைந்தும் இருக்கும் உணவு உள்ளே போக வேண்டும். உலர்ந்தது, மிகுந்த உப்பு உள்ளது, மிகுந்த இனிப்பு உள்ளது, நன்றாகப் புளித்தது ஆகியவை பெரும்பாலும் வெளியே இருக்கலாம்.

சோறு

பாதிப்பு இல்லாதது என்று பலரும் நினைப்பது வெறும் சோறு. உண்மையில் அது கவனம் தேவைப்படும் உணவுகளில் முதன்மையானது. மண்ணிலிருந்து அரிசியோடு வரும் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, வித்து வடிவில் உறங்கிக் கிடக்கும். கொதிநீர் அந்த வித்தைக் கொல்லாது. வடித்த சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடக்கும்போது வித்து முளைத்துப் பெருகி நச்சு சுரக்கிறது. வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மிஞ்சிய சோற்றை இரவில் எலுமிச்சைச் சாதமாகவோ ஃப்ரைடு ரைஸாகவோ கிளறுவதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. மிஞ்சும் என்று தெரிந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆவி போனதும் மூடி உள்ளே வைக்க வேண்டும். மறுநாளே அதைத் தீர்த்துவிடுவது நல்லது.

பழைய சோறு வேறு வகை. சோறு மூழ்க நீர் ஊற்றி வைக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து நீராகாரத்தைப் புளிக்க வைக்கிறது. அந்தப் புளிப்பு பிற கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. வடித்த சோறு ஆறியதும் காலம் தாழ்த்தாமல் சுத்தமான பாத்திரத்தில் நீர் ஊற்ற வேண்டும். காலையிலேயே உண்டுவிட வேண்டும். இரவு முழுதும் நீர் ஊற்றாமல் கிடந்த சோறு பழைய சோறு ஆகாது, அது கெட்ட சோறு.

சாம்பார், குழம்பு, சட்னி

சாம்பாரைக் காலையும் மாலையும் கொதிக்க வைத்து அடுத்த நாளுக்கும் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். கொதி வந்ததும் உயிருள்ள கிருமிகள் சாகும். ஆனால் சில பாக்டீரியாக்களின் வித்துகளும், ஏற்கெனவே சுரந்த நச்சுகளில் சிலவும் தப்பிவிடும். பருப்பும் காய்கறியும் சேர்ந்த கெட்டியான சாம்பார் மெதுவாக ஆறுவதும் ஆபத்தைக் கூட்டுகிறது. புளி தூக்கலாக உள்ள வத்தக்குழம்பு சாம்பாரைவிடத் தாக்குப்பிடிக்கும். பருப்பு ரசம், கூட்டு, பொரியல், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு ஆகியவை அந்த அளவு தாங்காது.

தேங்காய்ச் சட்னி மிக விரைவில் கெடும். துருவிய தேங்காயில் ஈரமும் கொழுப்பும் இருக்கின்றன, புளிப்பு இல்லை. அரைத்த சட்னியைக் கொதிக்க வைப்பதும் இல்லை. காலை அரைத்ததை மதியம் வரை வெளியே வைக்கக் கூடாது. உடைத்த தேங்காய் மூடியையும் உள்ளே வைத்து இரண்டொரு நாளில் பயன்படுத்த வேண்டும். மூடி வழவழப்பாகிவிட்டாலோ சிவந்துவிட்டாலோ தூக்கி எறிய வேண்டும்.

அரைத்த இஞ்சி பூண்டு விழுதுக்கும் குளிர் கட்டாயம். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே விடுவது மிக ஆபத்தானது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லாததால், நரம்பை முடக்கும் நச்சைச் சுரக்கும் போட்டுலினம் பாக்டீரியா அங்கே வளரக்கூடும்.

மாவு, பால், தயிர்

உளுந்தும் அரிசியும் அரைத்துக் கரைத்த இட்லி மாவு முதலில் வெளியேதான் இருக்க வேண்டும். லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் கரியமில வாயுவை உண்டாக்குவதால் மாவு பொங்குகிறது, அமிலத்தால் புளிக்கிறது. கோடையில் 6 முதல் 8 மணி நேரத்தில் பாத்திரத்தின் பாதியில் இருந்த மாவு விளிம்புக்கு வந்துவிடும். பொங்கியதும் உள்ளே வைத்தால் புளிப்பு மெதுவாகவே ஏறும். ஒவ்வொரு வேளைக்கும் பாத்திரத்தையே வெளியே எடுத்து வைக்காமல், வேண்டிய மாவை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் மீதி நாலைந்து நாள் தாங்கும். மேலே இளஞ்சிவப்பு, கறுப்பு, பச்சைத் திட்டுகள் தெரிந்தால் வழித்துவிட்டு ஊற்றக் கூடாது, முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

பாக்கெட் பால் 72 டிகிரியில் 15 நொடி சூடாக்கிக் குளிரவைக்கப்பட்டது. அதில் எல்லாக் கிருமிகளும் அழிந்திருப்பதில்லை. விடியற்காலையில் வாசல் பையில் போட்ட பால், வெயில் ஏறும் வரை தொங்கக் கூடாது. மிக உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தி அட்டைப் பெட்டியில் அடைத்த பால் திறக்கும் வரை வெளியே இருக்கலாம். திறந்ததும் அதற்கும் குளிர் வேண்டும். தயிர் உறைந்ததும் உள்ளே போக வேண்டும். பனீருக்கும் வெண்ணெய்க்கும் குளிர் தேவை, நெய்க்குத் தேவையில்லை. வெண்ணெயை உருக்கும்போதே அதிலிருந்த நீர் வற்றிவிடுகிறது.

மீன், இறைச்சி, முட்டை

மீனுக்கு 2 மணி நேரம் என்பதே அதிகம். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்கள் வெப்பத்தில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் சேர்கிறது. குழம்பில் கொதித்தாலும் பொரித்தாலும் அது போகாது. உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். சந்தையிலிருந்து ஐஸோடு கொண்டுவந்து, வயிற்றைச் சுத்தம் செய்து, உடனே உள்ளே வைக்க வேண்டும். மீனையும் கோழியையும் இரண்டொரு நாளில் சமைப்பதாக இருந்தால் ஃபிரிட்ஜ் போதும், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். உறைந்த இறைச்சியை மேடையில் போட்டு இளக விடாமல், முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது சரியான முறை.

முட்டையில் சால்மோனெல்லா இருந்தால் வெப்பத்தில் பெருகும். எனவே நம் கோடைக்கு முட்டை உள்ளே இருப்பதே நல்லது. வாங்கி வந்ததும் கழுவி அடுக்கக் கூடாது. ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விட்டால் நுண்துளை வழியே கிருமி உள்ளே புகும். சமைக்கும் நேரத்தில் கழுவினால் போதும்.

குளிர் ஆகாத காய்கனிகள்

வாழை வெப்பநாட்டுப் பயிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே அதன் தோல் கறுத்துவிடும், காயாக உள்ளே போனால் சரியாகப் பழுக்காது. மாங்காயையும் தக்காளியையும் பழுக்கும் வரை வெளியே வைக்க வேண்டும். நன்றாகப் பழுத்த பிறகு ஓரிரு நாள் உள்ளே வைக்கலாம். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாக மாறுவதால், வறுவல் இனித்துக் கருகும். அதை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நச்சு கூடும். வெங்காயமும் பூண்டும் உலர்ந்த கூடையில், உருளையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை, கேரட், பீன்ஸ் ஆகியவை உள்ளே வாடாமல் இருக்கும். எந்தப் பழமானாலும் வெட்டிய பிறகு உள்ளே போக வேண்டும். புளிப்பே இல்லாத தர்பூசணிக்கு இது மிக முக்கியம்.

வெளியே இருக்கும் பொருள்களின் எதிரி

வெளியே வைக்கும் பொருள்களை ஈரமே கெடுக்கும். ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய் ஜாடியில் மேலே வெள்ளைப் படலம் படிகிறது. காய்கள் எப்போதும் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும். நிலக்கடலையிலும் கொப்பரையிலும் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகலாம். அது கல்லீரலைப் பாதிக்கும், புற்றுநோயை உண்டாக்கும். வறுத்தாலும் முழுதாக அழியாது. அத்தகைய கடலையை வறுக்கவும் கூடாது, எண்ணெய் ஆட்டவும் கூடாது.

உள்ளே வைக்கும் முறை

ஒரு குண்டான் நிறையச் சாம்பாரை அப்படியே உள்ளே வைத்தால், ஓரம் குளிர்ந்தாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சிறிய, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் வைக்க வேண்டும். பச்சை மீனும் இறைச்சியும் மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில் இருந்தால் அவற்றின் நீர் மற்ற உணவில் சொட்டாது. அடிக்கடி திறக்கும் கதவுப் பகுதியில் குளிர் குறைவு என்பதால் பாலை உள்தட்டிலேயே வைக்க வேண்டும். காற்று சுழல இடமில்லாமல் திணித்தால் குளிர் எங்கும் பரவாது. மிஞ்சிய உணவை 3 அல்லது 4 நாளுக்குள், உள்வரை 70 டிகிரி எட்டும்படி ஆவி பறக்கச் சூடாக்கி உண்ண வேண்டும். எடுத்துச் சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது.

மின்சாரம் நின்றால்

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். 2016-இன் வர்தா, 2018-இன் கஜா போன்ற புயல்களுக்குப் பிறகு பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் பால், மீன், இறைச்சி, சமைத்த உணவு ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும். மின்சாரம் திரும்பி அவை மறுபடி குளிர்ந்துவிட்டதாலேயே உண்ணத் தகுதியாகிவிடாது.

நோயை உண்டாக்கும் கிருமிகள் பலவும் மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை. முகர்ந்து பார்த்து ஊசவில்லை என்று முடிவு செய்வதும், நாக்கில் வைத்துப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனைகள் அல்ல. எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்ற கேள்விக்கு உறுதியான பதில் இல்லாத உணவைக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் உள்ள வீட்டில் யாருக்கும் பரிமாற வேண்டாம். ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் சமைத்தால் அந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.