குறை கூறலும் நெறி காட்டலும்

நூல் இயற்றியவர் அதனைச் சான்றோர் அவையில் அரங்கேற்றுவது தமிழர் மரபு. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என அதன் பாயிரம் கூறும். இன்று வடிவமைப்பும் கட்டடக்கலையும் பயிலும் நம் பிள்ளைகள், தம் வரைபடங்களையும் மாதிரிகளையும் ஆசிரியர் முன் வைத்து விளக்கும் இறுதி அளிக்கையும் அத்தகைய அரங்கேற்றமே. அங்கே கருத்துரைப்பது எவ்வாறு என்பதைப் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டில் நடுவர்கள் கதவை மூடிக்கொண்டே வரைபடங்களை மதிப்பிட்டனர். மாணவருக்கு எட்டியது முடிவு மட்டுமே. 20ஆம் நூற்றாண்டில் மாணவர் முன்னிலையிலேயே குறைநிறைகளை ஆராயும் முறை பரவியது. அதனால் கருத்துரைப்போரின் பொறுப்பும் பெருகியது.

நல்ல கருத்துரை என்ன செய்ய வல்லது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாயா லின் என்னும் மாணவி, வகுப்புப் பயிற்சியாக, வியட்நாம் போரில் மாண்ட அமெரிக்கப் படையினருக்கு ஒரு நினைவுச்சின்னம் வரைந்தார். அவர் சீனாவிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகள். நிலத்துள் தாழ்ந்து, ஒரு கோணத்தில் சந்திக்கும் இரு கரிய சுவர்களே அவ்வடிவம். அந்தக் கோணத்திற்கு ஒரு பொருள் இருத்தல் வேண்டும் என ஆசிரியர் உரைத்ததை மாயா லின் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

மாண்டோர் பெயர்கள் இறந்த கால ஒழுங்கில் அமைந்தன. 1959இல் கோணத்தில் தொடங்கும் வரிசை வலச்சுவரின் முனைவரை சென்று, இடச்சுவரின் முனையிலிருந்து தொடர்ந்து, 1975இல் மீண்டும் அக்கோணத்தையே அடைகின்றது. போரின் தொடக்கமும் முடிவும் அங்கே சந்திக்கின்றன. 1981இல் நடந்த போட்டியில் 1,421 வடிவங்களுள் அதுவே தெரிவாயிற்று. அப்போது அவருக்கு வயது 21. 1982 நவம்பரில் வாஷிங்டனில் திறக்கப்பட்ட அச்சுவரில் இன்று 58,000இற்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

அவ்வடிவம் வெளியானபோது அதனை அவமானச் சின்னம் என்று இகழ்ந்தவரும் உளர். அவர்தம் வசைக்கும் ஆசிரியரின் உரைக்கும் உள்ள வேற்றுமையை நோக்குக. ஆசிரியர் ஆளைப் பேசவில்லை, ஆக்கத்தைப் பேசினார். பொதுப்படப் பேசவில்லை, ஓர் இடத்தைச் சுட்டினார். விடையைத் தாமே வரைந்து கொடுக்கவில்லை; அதனை மாணவியிடமே விட்டார்.

நன்னூலார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைக் கூறியதோடு அமையாது பத்து அழகுகளையும் வகுத்தார். நாமும் இரண்டையும் காணல் வேண்டும். மாணவர் முதியோருக்காக ஒரு பேருந்துத் தரிப்பிடம் வடிவமைத்துள்ளார் எனக் கொள்வோம். "இது சரியில்லை" என்பதனால் பயனில்லை. "மிக நன்று" என்று மட்டும் கூறுவதனாலும் பயனில்லை. யாருக்காக, எதற்காக இதனை ஆக்கினார் என முதலில் கேட்க வேண்டும். "மழை உள்ளே வராதவாறு கூரையைத் தாழ்த்தியது நன்று. ஆயினும் ஊன்றுகோலுடன் வரும் பாட்டி எழும்போது எதைப் பற்றிக்கொள்வார்?" என்று வினவினால், திருத்த வேண்டிய இடம் மாணவருக்குத் தானே புலனாகும்.

மாணவர்களே, கருத்துரையைக் கேட்டவுடன் மறுத்துரைக்க விரையாதீர்கள். பதற்றத்தில் பாதி மறந்துபோகும். ஆதலால் நண்பர் ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளிக்கைக்கு முன் வீட்டில் பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ தமிழில் விளக்கிப் பாருங்கள். அவர்களுக்கு விளங்காத இடம் பெரும்பாலும் உங்களுக்கே தெளிவற்ற இடமாயிருக்கும்.

பெற்றோர்களே, மருத்துவமும் பொறியியலும் அல்லாத துறையைப் பிள்ளை தேர்ந்ததால் உங்கள் உள்ளத்தில் கவலை இருக்கலாம். எனினும், "இதைப் படித்து என்ன தொழில் பார்ப்பாய்?" என்னும் வினாவை அந்நாளிலேனும் தவிர்த்து, சுவரில் மாட்டியிருப்பதைப் பொறுமையுடன் பாருங்கள், விளங்காததைக் கேளுங்கள்.

போரினால் இடம்பெயர்ந்து வந்த நம் வீடுகளிலும் மறக்கவொண்ணாத பெயர்கள் உண்டு. அவற்றைத் தாங்கும் சுவரொன்றை நாளை வரையப்போகின்றவர் நம் பாடசாலைப் பிள்ளைகளுள் ஒருவராகலாம். அப்பிள்ளை தன் முதல் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, அது மேலும் சிறக்க உதவும் ஒரு சொல்லைத் தேர்ந்து கூறுவோமாக.