துன்பத்தைக் கேட்கும் பயிற்சி

சமூகப் பணி பயிலும் மாணவர் நூலறிவைச் சர்வகலாசாலையிலே பெறுகின்றனர். பிறர் துயரைக் கேட்கும் பக்குவத்தை எங்கே பெறுவது? துயருற்ற ஒருவரிடமே முதற்பிழையைச் செய்து கற்பதெனின், அப்பிழையின் விலையை அவரன்றோ கொடுக்க நேரும்!

இதற்கு வழிகாட்டியது வைத்தியக் கல்வியாகும். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கலிபோர்ணியா சர்வகலாசாலையில், நரம்பியல் வைத்தியர் ஹாவட் பரோஸ் என்பார் ஒரு பெண்மணியை நோயாளியாக நடிக்கப் பயிற்றி, மாணவரின் திறனைச் சோதித்தார். கனடாவின் ரொறன்ரோ சர்வகலாசாலையைச் சேர்ந்த மரியன் போகோவும் அவர்தம் குழுவினரும், இத்தகைய பரீட்சையைச் சமூகப் பணிக்கு ஏற்ப அமைத்து, 2011ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினர்.

இதன் இயல்பு யாது? நடிப்பவருக்கு ஒருவரது வாழ்க்கை வரலாறு முன்னரே கற்பிக்கப்படும். கணவனை இழந்த தாயாக அவர் மாணவர் முன் அமர்கிறார் என்று கொள்வோம். மாணவர் அவசரப்பட்டு அறிவுரை கூறின், அவர் வாய்மூடுவார். பொறுமையுடன் செவிசாய்ப்பின், மெல்ல மெல்ல மனந்திறப்பார். உரையாடல் முடிந்ததும், "அவ்வினாவை ஏன் எழுப்பினீர்? அவர் மௌனமானபோது உம் மனத்தில் எழுந்தது யாது?" என ஆசிரியர் வினவுவார். மாணவர் தம் செயலைத் தாமே ஆராயும் அந்த வேளையே இப்பயிற்சியின் உயிர்நாடி.

ஒத்திகை ஒருபோதும் வாழ்க்கையாகாது. மக்களின் இல்லங்களுக்குச் சென்று பெறும் அநுபவத்திற்கு இது ஈடன்று. ஆயினும், துயருற்றோர் நெஞ்சந் திறப்பது அரிது. அங்கே புண்பட்டால் மீண்டும் திறப்பது அதனினும் அரிது. ஆதலின், அவர்பாற் செல்லுமுன் பழகிக்கொள்ளுதல் மாணவரின் கடனாகும்.