புதுத் துணியில் பந்தின் போக்கு

தகவல் துளி. கேரம் ஆடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பவுடர் தூவிய பலகையில் காய் வழுக்குவதுபோல, புதுத் துணி விரித்த பூல் மேசையில் பந்து வழுக்கும். நாள்பட்ட துணியில் சாக் தூளும் அழுக்கும் படிந்திருக்கும். அங்கே உராய்வு அதிகம், பந்து சீக்கிரம் உருளத் தொடங்கிவிடும். புதுத் துணியில் நெடுந்தூரம் சறுக்கிவிட்டுத்தான் உருளும். ஆகவே வெள்ளைப் பந்துக்குக் கொடுத்த பின்சுழல் கரையாமல் நிற்கும். இன்னொரு பந்தில் மோதியதும் வெள்ளைப் பந்து கூடுதல் தூரம் பின்வாங்கும். குஷனில் மோதித் திரும்பும் பந்தும் நினைத்த இடத்தைத் தாண்டிப் போகும். பழகிய கைக்கே கணக்குத் தப்பும், அடியைக் குறைத்தாக வேண்டும்.

இந்த மாதிரி மேசை ஆட்டங்கள் நமக்கு அந்நியமில்லை. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஸ்னூக்கருக்கு, 1880களில் விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் உதகை கிளப்பில்தான்! உதகையின் ஈரக்காற்று பந்தாட்டத்துக்கு ஆகாது. ஈரம் ஏறினால் எந்தத் துணியிலும் பந்து மந்தமாகும். அதற்காகவே பெரிய ஸ்னூக்கர் போட்டிகளில் மேசையின் கற்பலகைக்கு அடியில் சூடேற்றுகிறார்கள்.