மர்மரா கடலுக்கு அடியில் ஒரு பிளவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நிலவியல் படித்தவன் இல்லை. பகலில் மென்பொருள் எழுதுகிறவன், இரவில் வரைபடங்களை நோண்டுகிறவன். கொஞ்ச நாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது துருக்கியின் மர்மரா கடல்.

துருக்கியின் வடபகுதியில் வடக்கு அனத்தோலியப் பிளவு கிழக்கு மேற்காக ஆயிரம் கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. 1939-ல் அது எர்சின்ஜான் பக்கம் உடைந்தது. பிறகு 1942, 1943, 1944 என்று பெரும்பாலும் மேற்கு நோக்கியே துண்டு துண்டாக உடைந்துகொண்டு வந்தது. 1999 ஆகஸ்ட் 17 அதிகாலையில் இஸ்மித் அருகே உடைந்தபோது 17,000 பேருக்கு மேல் இறந்தார்கள். மர்மராவின் மேற்குக் கோடியில் இருக்கும் துண்டு 1912-லேயே உடைந்துவிட்டது. நடுவில் பாக்கி இருப்பது சுமார் 150 கி.மீ. அது முழுக்கக் கடலுக்கு அடியில். கரையில் இஸ்தான்புல், ஒன்றரைக் கோடி ஜனம்.

தரையில் பிளவைப் பார்ப்பது சுலபம். வேலியும் ஓடையும் வெட்டுப்பட்டு விலகி நிற்கும். கடலடியில் என்ன செய்வது? ரேடார், ஒளி எதுவும் ஆழ்கடல் தண்ணீருக்குள் போகாது. ஒலி போகும். கப்பலிலிருந்து ஒலியை விசிறி மாதிரி கீழே அனுப்புகிறார்கள். தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 1,200 மீட்டர் ஆழம் என்றால் எதிரொலி திரும்ப 1.6 நொடி. இந்த நேரங்களைச் சேர்த்தால் கடல்தரையின் மேடுபள்ளம் கிடைத்துவிடும். தாழ்ந்த சுருதி ஒலி சேற்றுக்குள்ளும் இறங்கும். அடுக்குகள் எங்கே அறுபட்டிருக்கின்றன என்று அது காட்டும். 2000-ல் லெ சுருவா என்ற பிரெஞ்சுக் கப்பல் மர்மராவை இப்படித்தான் அளந்தது.

படம் வந்த பிறகுதான் நிஜமான சண்டை ஆரம்பித்தது. அது ஒரே நீளமான பிளவா, பல துண்டுகளா? ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். உடையும் நீளம்தான் நடுக்கத்தின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. 50 கி.மீ. உடைந்தால் அளவு சுமார் 7, 150 கி.மீ.யும் சேர்ந்து உடைந்தால் சுமார் 7.5. அரைப் புள்ளிதானே என்று நினைக்காதீர்கள். வெளிப்படும் ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல்.

இன்னொரு கேள்வி: பிளவு இப்போது மெல்ல நகர்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா? மழையில் உப்பிய மரக்கதவு மாதிரிதான் இது. இழுக்க இழுக்க அசையாது, திடீரென்று படாரென்று திறக்கும். 2014-லிருந்து இரண்டரை வருஷம் இஸ்தான்புல்லுக்கு மேற்கே பிளவின் இருபுறமும் கடல்தரையில் கருவிகளை வைத்து, ஒலியால் இடைவெளியை அளந்தார்கள். நகர்வே தெரியவில்லை. அந்த இடம் பூட்டிக் கிடக்கிறது! அங்கே கடைசிப் பெரிய நடுக்கம் 1766-ல். வருஷத்துக்கு 2 செ.மீ. என்று வைத்தாலும், பாக்கி 5 மீட்டர்.

2025 ஏப்ரல் 23-ல் 6.2 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. அதோடு பாரம் இறங்கிவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது. மேலே போட்ட கணக்குக்கு அது சில்லறை.

வரைபடம் தேதி சொல்லாது. எங்கே, எவ்வளவு பெரிதாக என்பதைத்தான் சொல்லும். எந்தக் கட்டிடத்தை முதலில் பலப்படுத்த வேண்டும் என்று முடிவெடுக்க அது போதும். தேதிக்காகக் காத்திருந்தால், அது தெரியவரும்போது கட்டிடம் நம் தலைமேல் இருக்கும்.