ஆளைச் சேர்த்தால் பணமா?

உதவிப் பணத்தையும் நகை அடகு வைத்த காசையும் பிரமிட் திட்டத்தில் போடச் சொல்லி வருபவர் பெரும்பாலும் நம் உறவினரே. நாம் கணக்குப் பார்ப்போம். ஒவ்வொருவரும் ஐவரைச் சேர்த்தால் பதினோராம் படிக்கு 4 கோடியே 88 இலட்சம் பேர் தேவை. இலங்கையின் சனத்தொகையோ ஏறத்தாழ 2 கோடியே 18 இலட்சம். ஆகவே கீழ்ப்படியில் உள்ளோரின் பணமே மேற்படியில் உள்ளோரின் இலாபம்.

1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம், பின்வந்த திருத்தங்களின்படி, இத்திட்டங்களை நடத்துவதையும் ஊக்குவிப்பதையும் தடைசெய்கிறது. எனவே ஆள் சேர்ப்பவரும் குற்றத்தில் அகப்படலாம். 2023இல் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டது. ஆனால் பட்டியல் வருமுன்பே பலரின் பணம் போய்விடுகிறது. இதுவே அரசாங்கக் கண்காணிப்பின் குறை.

ஆதலால் முதலில் கேட்போம்: வருமானம் பொருள் விற்பதாலா, ஆள் சேர்ப்பதாலா? ஆள் சேர்ப்பதால் என்றால், விதைநெல்லுக்கு வைத்த காசைத் தொடவேண்டாம்.